சண்டை முடிந்த மறுவாரம் கேப்டன் ஏன் ஊருக்குப் போனார்?

கேள்வி இது: "ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் 'ஃபேமிலி' என்ற எபிசோடைப் பலரும் சிபாரிசு செய்தார்கள். பார்த்தேன். விண்கலம் நகரவே இல்லை. வில்லன் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் அண்ணனும் தம்பியும் சேற்றில் கட்டிப் புரள்கிறார்கள். இதில் அறிவியல் புனைகதை எங்கே இருக்கிறது? எதற்காகக் கொண்டாடுகிறார்கள்?"

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். இதற்கு முந்தைய இரண்டு எபிசோடுகளையும் பார்த்தீர்களா? பார்க்காமல் நேரே இதற்கு வந்திருந்தால் உங்கள் ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. இறந்தவர் யாரென்றே தெரியாமல் துக்க வீட்டில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடான 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' முதல் பாகம் 1990 ஜூன் 18 அன்று ஒளிபரப்பானது. போர்க் என்ற கூட்டம் எண்டர்பிரைஸ் கலத்தின் கேப்டன் ஷான்-லுக் பிக்கார்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. போர்க் பாதி உடல், பாதி இயந்திரம். எல்லா மூளைகளும் ஒரே மனமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். யாரைப் பிடித்தாலும் அந்த மனத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பிக்கார்டின் முகத்திலும் கையிலும் கருவிகளைச் சொருகி, லோக்யூட்டஸ் என்று பெயர் வைத்து, மனிதர்களிடம் "சரணடையுங்கள்" என்று சொல்லும் வாயாக அவரையே நிறுத்துகிறார்கள். தன் கேப்டன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே துணைக் கேப்டன் ரைக்கர் அந்தக் கலத்தைச் சுடச் சொல்கிறார். அங்கே 'தொடரும்' போட்டார்கள். ரசிகர்கள் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

செப்டம்பர் 24 அன்று வந்த இரண்டாம் பாகத்தில், பிக்கார்டின் தலைக்குள் இருந்த போர் அறிவு அத்தனையும் போர்க் கைக்குப் போய்விட்டது என்பது தெரியவருகிறது. வுல்ஃப் 359 அருகே தடுத்து நின்ற கப்பற்படை நொறுங்குகிறது. 39 கலங்கள், ஏறக்குறைய 11,000 உயிர்கள் என்று பின்னால் ஓர் எபிசோடில் கணக்குச் சொல்வார்கள். (வுல்ஃப் 359 கற்பனைப் பெயர் அல்ல. சிம்ம ராசிப் பக்கம், 7.9 ஒளியாண்டு தூரத்தில் நிஜமாகவே இருக்கும் ஒரு மங்கலான சிவப்புக் குறுமீன்.) கடைசியில் நண்பர்கள் பிக்கார்டை மீட்டுவிடுகிறார்கள், பூமி தப்பிக்கிறது. எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்கும்போது, எல்லாம் நினைவிருக்கிறது என்கிறார். தனியாக இருக்கும்போது ஜன்னல் வழியே வெறித்துப் பார்க்கிறார். படம் முடிகிறது.

அடுத்த வாரம், அக்டோபர் 1, 'ஃபேமிலி'.

அந்தக் காலத் தொலைக்காட்சி எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் இந்த 'அடுத்த வார'த்தின் எடை புரியும். நெக்ஸ்ட் ஜெனரேஷன் எந்தப் பெரிய நெட்வொர்க்கின் தொடரும் அல்ல. பாரமவுண்ட் அதை அமெரிக்கா முழுவதும் இருந்த உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்றது. ஒவ்வொரு நிலையமும் தனக்குத் தோதான நாளில், நேரத்தில் போடும். மறுஒளிபரப்பில் வரிசை மாறினாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு எபிசோடும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிய வேண்டும் என்பது எழுதாத சட்டம். இந்த வாரம் கேப்டனுக்குப் பைத்தியம் பிடிக்கலாம், உடல் மாறலாம், உயிரே போய்த் திரும்பலாம். அடுத்த வாரம் எர்ல் கிரே தேநீரோடு நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பார். ரசிகர்கள் இதை 'ரீசெட் பட்டன்' என்பார்கள். 1992-ல் வந்து ஹ்யூகோ விருது வாங்கிய 'தி இன்னர் லைட்' எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து நிமிட மயக்கத்தில் பிக்கார்ட் இன்னொரு மனிதராக ஒரு முழு ஆயுளை வாழ்கிறார். மனைவி, மக்கள், பேரன் எல்லாம் பார்த்து முதுமையடைகிறார். அற்புதமான எபிசோடு. ஆனால் அடுத்த எபிசோடிலேயே வேறு வேலை பார்க்கக் கிளம்பிவிடுவார்.

போர்க் விவகாரத்தில் அந்தப் பட்டனை அழுத்த மைக்கேல் பில்லர் சம்மதிக்கவில்லை. மூன்றாவது சீசனில் எழுத்துப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர், அந்த இரண்டு பாகங்களையும் எழுதியவர். இப்படி ஒரு கொடுமைக்கு ஆளானவர் மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போவதாகக் காட்டினால் அது பித்தலாட்டம் என்பது அவர் எண்ணம். இந்த எபிசோடை எழுதியவர் ரொனால்ட் டி. மூர். அப்போது அவருக்கு 26 வயது. யார் வேண்டுமானாலும் ஸ்க்ரிப்ட் அனுப்பலாம் என்று அந்தத் தொடர் கதவைத் திறந்து வைத்திருந்த காலத்தில், வெளியாளாக ஒரு கதையைக் கொடுத்து உள்ளே வந்த ரசிகர். அந்த முதல் கதையே தாயை இழந்த ஒரு சிறுவனைப் பற்றியது. பின்னாளில் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரைப் புதிதாக உருவாக்கியவரும் இவர்தான்.

இங்கே நீங்கள் கேட்ட கேள்வி வருகிறது. அறிவியல் புனைகதை எங்கே என்ற அதே சந்தேகம் தயாரிப்பில் இருந்தவர்களுக்கும் இருந்தது. வெறும் குடும்பக் கதையை வைத்து ஒரு மணி நேரத்தை ஓட்ட முடியுமா என்று பயந்து, ஒட்டுக் கதை ஒன்றையும் யோசித்தார்கள்: எண்டர்பிரைஸில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள் என்று. அது ஒட்டவில்லை. அதைக் கழற்றித் தனி எபிசோடாக்கினார்கள். இதே நான்காவது சீசனில் ஐந்தாவதாக வரும் 'ரிமெம்பர் மீ' அதுதான். ஒட்டுக் கதை போனபின் மிஞ்சியது இது. கலத்தின் கட்டளை மேடை ஒரு காட்சியில்கூட வராத ஒரே எபிசோடு. மொத்தம் 178 எபிசோடுகளில் டேட்டா என்ற மனித உருவ இயந்திரப் பாத்திரம் தலைகாட்டாததும் இதில் மட்டும்தான். (அடுத்த வார எபிசோடின் பெயர் 'பிரதர்ஸ்'. அதில் டேட்டாவாக நடிக்கும் ப்ரெண்ட் ஸ்பைனர் மூன்று வேடம் போட்டு, வட்டியும் முதலுமாக வசூலித்துவிடுவார்.)

தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரிக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை என்று மூர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருபத்து நான்காம் நூற்றாண்டு மனிதர்கள் பொறாமை, பழைய பகை எல்லாவற்றையும் தாண்டி வளர்ந்திருப்பார்கள் என்பது ரோடன்பெரியின் உறுதியான நம்பிக்கை. அவர் வரைந்த எதிர்காலத்தில், அறுபதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் சின்ன வயசுக் கோபத்துக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள இடமில்லை. நல்லவேளையாக அப்போது அன்றாடப் பொறுப்பு பில்லர், தயாரிப்பாளர் ரிக் பெர்மன் கையில் இருந்தது.

சரி, எபிசோடுக்குள் போவோம்.

எண்டர்பிரைஸ் பூமிக்கு மேலே பழுதுபார்ப்பில் நிற்கிறது. பிக்கார்ட் ஊருக்குக் கிளம்புகிறார். கலத்தின் மனநல ஆலோசகர் ட்ராய் அவரிடம் பேச வருகிறார். கெட்ட கனவுகள் நின்றுவிட்டன, காயங்கள் ஆறுகின்றன, எனக்கு ஒன்றுமில்லை என்று பிக்கார்ட் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் சரியானதுதான், ஆனால் கொஞ்சம் அதிகச் சீராக, இஸ்திரி போட்ட மாதிரி வருகிறது. இருபது வருடமாக வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காதவர் இப்போது எதற்குக் கிளம்புகிறார் என்பதைத்தான் ட்ராய் கவனிக்கிறார். நெருக்கிக் கேட்கவில்லை. வெறுமனே அவருக்கு அதைக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்.

ஊர் ஃபிரான்ஸில் லா பார். நடந்து வரும்போது வழியில் ஒரு சிறுவன் எதிர்ப்படுகிறான். அண்ணன் மகன் ரெனே. இருவருக்கும் இதுதான் முதல் சந்திப்பு. "நீங்கள் அப்படியொன்றும் திமிர் பிடித்தவராகத் தெரியவில்லையே" என்கிறான். வீட்டில் சித்தப்பாவைப் பற்றி எந்த வார்த்தைகளில் பேச்சு நடக்கிறது என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. அந்த வசவின் மிச்சப் பாதிக்கும் அவனுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமாம். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பிக்கார்ட் நழுவுகிறார்.

அப்புறம் அண்ணன். தோட்டத்தில் கொடிகளுக்கு நடுவே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார் ரோபேர். பூமியையே காப்பாற்றிய கலத்தின் தலைவர், இருபது வருடம் கழித்து வந்து நிற்கும் சொந்தத் தம்பி. நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை வா என்று சொல்லவில்லை. ஊரில் மேயர் முதற்கொண்டு வரவேற்பு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். வீட்டில் இந்த மரியாதை. ஜெரமி கெம்ப் இந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சத்தம் போடுவதில்லை. எதைச் சொன்னாலும் நுனியில் ஒரு முள் வைத்துச் சொல்கிறார்.

சாப்பாட்டு மேஜைக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். பொத்தானை அழுத்தினால் உணவு வரும் ரெப்ளிகேட்டர் அந்த வீட்டில் இல்லை. அண்ணி மரிக்கு ஒன்று வாங்க ஆசை, ரோபேர் விடமாட்டார். அப்பா அம்மாவுக்குள் இதே சண்டை நடந்ததை பிக்கார்ட் நினைவுகூர்கிறார். அப்பாவின் பிடிவாதம் அப்படியே அண்ணனுக்கு இறங்கியிருக்கிறது. பிக்கார்ட் ஒயினைச் சுவைத்து வருடத்தைச் சொல்லப் பார்க்கிறார். ஒரு வருடம் தப்பிவிடுகிறது. கலத்தில் கிடைக்கும் அந்தச் செயற்கை மதுவைக் குடித்துக் குடித்து நாக்கே கெட்டுப்போய்விட்டது என்று ரோபேர் குத்துகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒயின் பேச்சு. உள்ளே ஓடுவது வேறு: நீ இந்த வீட்டை விட்டுப் போனவன், உனக்கு இந்த மண்ணின் ருசி மறந்துபோச்சு. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் எதிர்காலத்தில் ஒரு குடும்பம் வேண்டுமென்றே பழைய மாதிரி வாழ்கிறது என்பது எனக்கு அறிவியல் புனைகதையாகவே படுகிறது. தொழில்நுட்பம் வரும்போது எல்லாரும் ஒரே வேகத்தில் அதற்குள் போவதில்லை. ஒரே வீட்டுக்குள் ஒருவர் போவார், ஒருவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

இதற்கு நடுவில் லூயி என்ற பால்ய நண்பர் வருகிறார். கடலடித் தரையை உயர்த்திப் புது நிலப்பரப்பையே உருவாக்கும் அட்லாண்டிஸ் திட்டத்தில் அவருக்கு வேலை. பிக்கார்ட் ஆர்வமாகக் கேட்கிறார், யோசனைகள் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் திட்டத்துக்குத் தலைமை ஏற்க வாருங்கள் என்ற அழைப்பும் வந்துவிடுகிறது. பலர் இதைச் சும்மா நேரம் நிரப்பும் காட்சி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். மூரின் எழுத்தில் இதுதான் மிக நுட்பமான இடம் என்பேன். ஓடி ஒளியும் ஒருவர் எப்போதும் முகத்தை மூடிக்கொண்டுதான் ஓடுவார் என்று நினைக்கிறோம். பிக்கார்டுக்கு ஓடுவதற்குக் கிடைத்த வழியோ கௌரவமானது, பயனுள்ளது, யாரும் குறை சொல்ல முடியாத நல்ல வேலை. வானத்தில் இருப்பவர் கடலுக்கு அடியில் போக ஆசைப்படுகிறார். யாரும் தேடி வர முடியாத ஆழம். அவரே அதை ஒப்புக்கொள்ளும் முன் நமக்குப் புரிந்துவிடுகிறது.

மரிக்குக் குழப்பம். ரோபேருக்குச் சந்தேகம். விண்கலப் படையான ஸ்டார்ஃப்ளீட்டை விட்டு ஒருநாளும் வராத இவன் வேலையை விடப் பார்க்கிறான் என்றால் ஏதோ உடைந்திருக்கிறது.

அந்தத் தோட்டத்துச் சண்டையில் ரோபேர் செய்வது வெறும் வம்பு என்றுதான் முதல் தடவை பார்க்கும்போது நானும் நினைத்தேன். பள்ளியில் தலைவன், விளையாட்டில் வீரன், படிப்பில் முதல்வன், எல்லாம் நீதானே என்று பழைய கணக்கை விரிக்கிறார். அப்பா போட்ட சட்டங்களை நான் மதித்தேன், நீ மீறினாய், பரிசு உனக்குத்தான் கிடைத்தது. ஆமாம், எனக்குப் பொறாமை. அண்ணனாக அது என் உரிமை. பிக்கார்ட் பதிலுக்கு, நீ என்னைச் சின்ன வயதில் படுத்தியெடுத்தாய் என்கிறார். கடைசியாக ரோபேர் ஒரு கேள்வி கேட்கிறார்: எதற்கு வந்தாய், மறுபடியும் அண்ணன் உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றா? முதல் அடி பிக்கார்டுடையது. அத்தனை வருடமாக எதிரிகளிடம்கூடக் குரல் உயர்த்தாமல் பேசிய மனிதர். இருவரும் சேற்றில் விழுந்து உருள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது. மூச்சு வாங்கச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு நிற்காமலே அழுகையாக மாறுகிறது.

இந்த மாற்றத்துக்காகவே பேட்ரிக் ஸ்டூவர்ட்டைக் கும்பிடலாம். எங்கே சிரிப்பு முடிந்தது, எங்கே அழுகை தொடங்கியது என்று கோடு போட முடியாது. என்னிடம் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், என்னை வைத்தே கொன்றார்கள், தடுத்திருக்க வேண்டும், முயன்றேன், எனக்கு அந்த பலம் இல்லை, நான் போதவில்லை என்று சேற்றோடு உட்கார்ந்து சொல்கிறார். 'நான் போதவில்லை' என்று ஒத்துக்கொள்வதுதான் பிக்கார்ட் மாதிரி ஆளுக்குச் செத்துப் பிழைக்கிற விஷயம். ட்ராயிடம் அதை அவரால் சொல்ல முடியவில்லை. அங்கே அவர் கேப்டன். ரைக்கரிடமும் முடியாது. பட்டமோ சீருடையோ எடுபடாத ஒரே ஆள் அண்ணன். மெடலைப் பார்த்து மயங்காமல், எட்டு வயதில் இவன் எப்படி அழுதான் என்று தெரிந்து வைத்திருப்பவர். ஒவ்வொரு குத்தலும் அந்த இஸ்திரி போட்ட வாக்கியங்களைக் கிழிக்கத்தான் உதவியது. அது உனக்குத் தேவைப்பட்டது என்று ரோபேரே பிறகு சொல்கிறார். திட்டமிட்டுச் செய்தாரா, தானாக அப்படி அமைந்ததா? எனக்கு இரண்டும் கலந்தே தெரிகிறது. பாதிக்கு மேல் நிஜமான வயிற்றெரிச்சல்தான்.

அழுது முடித்ததும் அண்ணன் சொல்லும் ஆறுதலைக் கவனியுங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. உன் மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. என் தம்பியும் மனுஷன்தான் போலிருக்கிறது என்று ஒரு கேலி. அதன்பின், இது உன்னோடு ரொம்ப காலம் இருக்கும், இதோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். கடலுக்கடியில் லூயியோடு வாழ்கிறாயா, மேகத்துக்கு மேலே எண்டர்பிரைஸோடு வாழ்கிறாயா என்பதுதான் உன் கையில் இருக்கிறது என்கிறார். போர்க்களத்திலிருந்து திரும்புகிறவர்களின் மனக்காயத்துக்கு ஒரு தனிப் பெயர் கொடுத்து அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்தது 1980-ல். பத்தே வருடம் கழித்து வந்த இந்த எபிசோடில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் உச்சரிக்கப்படுவதில்லை. ஒரு தோட்டக்காரர் வாயால் அதன் சாரத்தை மட்டும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது இருவரும் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட வருகிறார்கள். மரியின் முகத்தைப் பாருங்கள். சமந்தா எகர் இந்த எபிசோடில் அதிகம் பேசுவதில்லை. பேசத் தேவையும் இல்லை.

கலத்தின் பாதுகாப்பு அதிகாரி வொர்ஃபின் கதைக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். க்ளிங்கான் என்ற வேற்றுக் கிரகப் போர்வீர இனத்தில் பிறந்து, குழந்தையாகப் பெற்றோரை இழந்து, மனிதத் தம்பதியால் வளர்க்கப்பட்டவர். போன சீசனில், தன் இறந்த தந்தை மீது சுமத்தப்பட்ட துரோகப் பழி பொய் என்று தெரிந்தும், தன் பேரரசு உள்நாட்டுப் போரில் சிதறக்கூடாது என்பதற்காக அதை ஏற்றுக்கொண்டு, சொந்த இனத்தாரால் முதுகு காட்டி ஒதுக்கப்பட்டார். இப்போது வளர்த்தவர்கள் பார்க்க வருகிறார்கள். செர்கெய் முன்னாள் ஸ்டார்ஃப்ளீட் ஊழியர். என்ஜினைப் பார்க்கத் துடிக்கிறார், கண்ணில் பட்ட எல்லாரிடமும் பேசுகிறார். ஹெலனா மகனைக் கட்டிக்கொள்கிறார். ஆறடிக்கு மேல் உயரமுள்ள போர்வீரன் வெட்கத்தில் நெளிகிறார். ஹாஸ்டலுக்குப் பார்க்க வந்த அப்பா அம்மா வார்டனிடம் கதை பேச ஆரம்பித்தால் நமக்கு எப்படி இருக்கும், அதே நெளிசல். தியடோர் பிகெல், ஜார்ஜியா பிரவுன் இருவரும் மேடை இசை நாடகத்தில் பேர்போனவர்கள். சத்தமும் பாசமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. இந்தப் பாத்திரங்களுக்கு அது பொருந்துகிறது.

இதில் பொக்கிஷம், மதுக்கூடம் நடத்தும் கைனனுடன் ஹெலனா பேசும் காட்சி. மகனுக்காக க்ளிங்கான் பலகாரம் செய்யக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். எங்களால் முடிந்ததைச் செய்தோம், போதுமா தெரியவில்லை என்ற வளர்ப்புத் தாயின் பயம் அதில் இருக்கிறது. வீடு எங்கே என்று வொர்ஃப் தேடும்போது அவர் கண் போவது க்ளிங்கான் பேரரசின் பக்கம் அல்ல, உங்கள் பக்கம்தான் என்கிறார் கைனன். பழியின் விவரத்தை வொர்ஃப் பெற்றோரிடம் கடைசிவரை விளக்குவதில்லை. அவர்களும் கேட்பதில்லை. நீ தனியாகக் கஷ்டப்படவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள். சில எபிசோடுகள் தள்ளி, தனக்கொரு மகன் இருப்பது தெரிந்து, அவனை வளர்க்க ஆள் தேவைப்படும்போது வொர்ஃப் இவர்களிடம்தான் அனுப்புகிறார்.

மூன்றாவது இழை, கலத்தின் மருத்துவருடைய மகன் வெஸ்லியுடையது. இறந்துபோன அப்பா, மகன் பத்து வாரக் குழந்தையாக இருந்தபோது பதிவு செய்து வைத்த ஹோலோகிராம் செய்தி. நிறைய பதிவு செய்ய நினைத்தவர், ஒன்றோடு நின்றுபோனார். அழகான யோசனைதான். ஆனால் எனக்கு இது அவசரமாக முடிந்ததாகவே படுகிறது. மற்ற இரண்டு கதைகளிலும் ஒருவர் பேசினால் மறுத்துப் பேச இன்னொருவர் இருக்கிறார், இங்கே இல்லை. ஆனாலும் வளர்ந்த பையன் தன்னைவிட அதிகம் மூத்திராத அப்பாவின் ஒளி உருவத்துக்கு எதிரில் நிற்பது, சும்மா ஒரு கடிதத்தால் ஆகாத காரியம்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். பிக்கார்டுக்கு நடந்தது சாதாரணப் போர்க்காயமா என்று யோசித்துப் பாருங்கள். சிறைபிடிக்கப்பட்ட வீரர் ரகசியத்தைச் சொல்லிவிட்டால், அடி தாங்க முடியாமல் சொன்னேன் என்று ஒரு சமாதானமாவது இருக்கும். இவர் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. மனத்துக்குள் நேராகப் புகுந்து, அவருடைய அறிவையும் குரலையும் எடுத்து, அவர் விழித்திருந்து பார்க்கப் பார்க்க அவர் ஆட்களையே கொன்றார்கள். குற்றம் செய்தது யார்? கை அவருடையது, மனம் அவருடையதல்ல. இந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாக எழுப்ப அறிவியல் புனைகதையால்தான் முடியும். முந்தைய இரண்டு எபிசோடுகள் அந்தக் கேள்வியைக் கட்டின. இது அதன் கீழே மாட்டிக்கொண்ட ஆளைப் பார்க்கிறது. கலத்தையும் லேசரையும் வெளியே எடுத்துவிட்டால் புனைகதையும் வெளியே போய்விட்டது என்று ஆகாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃபிரெஞ்சுக் கிராமத்து அண்ணன் தம்பி இருவரும் அசல் ஆங்கிலேய உச்சரிப்பில் பேசுகிறார்கள். கெம்ப், ஸ்டூவர்ட் இருவருமே இங்கிலாந்துக்காரர்கள், யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரே அழுகையில் பிக்கார்ட் தேறி வேலைக்குத் திரும்பிவிடுவதும் கொஞ்சம் சுலபம்தான். ஆனால் தொடர் அந்தக் காயத்தை மறக்கவில்லை. 1991-ல் ஒரு விசாரணைக் காட்சியில் அவர் முகத்துக்கு நேரே அந்தச் சாவுகளைச் சொல்லி மட்டம் தட்டுகிறார்கள். 1993-ல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் எபிசோடில், வுல்ஃப் 359-ல் மனைவியை இழந்த நாயகன் சிஸ்கோ பிக்கார்டைப் பார்க்கும் பார்வையில் வெறுப்பு எரிகிறது. 1996-ல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' திரைப்படத்தில் அதே பிக்கார்ட் போர்க் மீது வெறிபிடித்து நிற்கிறார். ரொம்ப காலம் உன்னோடு இருக்கும் என்று ரோபேர் சொன்னது, பழுத்த பழமொழியாக நின்றுவிடாமல் கதையில் நடந்தேவிட்டது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' இரண்டு பாகங்களையும் பார்த்து, இடைவெளி விடாமல் இதற்கு வாருங்கள். பிரியும்போது ரோபேர் தம்பி கையில் ஒரு பாட்டில் ஒயினைக் கொடுத்து, தனியாகக் குடிக்காதே என்பார். அதை நினைவில் வைத்திருங்கள். அதே நான்காவது சீசனின் 15-வது எபிசோடில், திரைப்படத்தின் பெயரையே கொண்ட இன்னொரு 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்', வேற்றுக் கிரகத் தலைவர் ஒருவருக்கு முதல்முறையாக எண்டர்பிரைஸைக் காட்டும்போது பிக்கார்ட் அந்தப் பாட்டிலைத்தான் திறக்கிறார்.

'ஃபேமிலி'யின் கடைசிக் காட்சி பெரிய மரம் ஒன்றின் அடியில். இரவாகிவிட்டது. ரெனே உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேரமாகிறது, இன்னும் கனவு கண்டுகொண்டிருக்கிறான் என்கிறார் மரி. ரெப்ளிகேட்டரையே வீட்டுக்குள் விடாத ரோபேர், கனவு காணட்டும், விடு என்கிறார். 1994-ல் வந்த 'ஜெனரேஷன்ஸ்' படத்தில் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அதை இங்கே சொல்லமாட்டேன். அந்தப் படத்தை எழுதிய இருவரில் ஒருவர் இதே மூர் என்பதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ரெனே இன்னும் கொஞ்ச நேரம் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கட்டும்.